பாதி வாசித்த கடைசி அத்தியாயம்

நாவலூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் இளவட்டங்கள் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். போன மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டது நம் காலத்துத் துப்பறியும் எழுத்தாளரை. பெயர் சொல்லப் போவதில்லை. என் வயதில் இருக்கும் உங்களுக்குச் சொல்லவும் வேண்டாம். வாரப் பத்திரிகை வீட்டுக்குள் விழுந்ததும் யாருடைய தொடர்கதையை முதலில் புரட்டினீர்களோ, அவர்தான். மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. புத்தகங்கள் மட்டும் புது அட்டை போட்டுக்கொண்டு வந்தபடி இருக்கின்றன. என் மகள் ஓஎம்ஆர் நெரிசலில் கார் ஓட்டிக்கொண்டே அவர் கதையைக் காதில் கேட்கிறாள்.

கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். "ஆன்ட்டி, நீங்க இத சீரியலா வந்தப்பவே படிச்சீங்களாமே! இவ்ளோ வருஷம் கழிச்சும் இவரை ஏன் கீழ வைக்க முடியல, சொல்லுங்க" என்று ஒரு பெண் கேட்டாள். நடை, விறுவிறுப்பு என்று ஏதோ உளறிவிட்டு, கொடுத்த சமோசாவைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள். ஐம்பத்திரண்டு வருஷமாக யாரும் திட்டாததுதான் என் குறை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக மூன்று ஓட்டு வீடுகள். முதல் வீடு எங்களுடையது. அப்பா தாலுக்கா ஆபீசில் கிளார்க். அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. இரண்டாவது வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா. மூன்றாவது வீட்டில் தனியாக இருந்தவர் ஹைஸ்கூல் கணக்கு சார்.

மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை. அப்போதெல்லாம் அப்படித்தானே. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விழும். ஞாயிறு நர்ஸ் அக்கா வீட்டுக்குப் போகும். செவ்வாய் சாரிடம். வியாழன் திரும்பி எங்களிடம் வந்துவிடும். அப்படி வந்த பிறகு அதை வெட்டிக்கொள்ளும் உரிமை அத்தைக்கு. பிளேடால் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வகிர்ந்து எடுத்து, வாரம் சேரச் சேரச் சாக்கு ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, பழைய காலண்டர் அட்டை ஒட்டுவாள். அந்த எழுத்தாளரின் கதை மட்டும் நான்கு தொகுதி இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் பாதி வெட்டுப்பட்ட கூந்தல் தைல விளம்பரமோ தலையில்லாத ஜோக்கோ இருக்கும். பசை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்த ஒரு வாடை. அது இன்றைக்கும் எந்தப் பழைய புத்தகக் கடையிலாவது என் மூக்கில் ஏறினால் உடனே வெளியில் வந்துவிடுகிறேன்.

கொலைக் கதை சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்று அப்பா தடை போட்டிருந்தார். வாரா வாரம் படிக்கக் கூடாது; அத்தை வெட்டித் தைத்த பிறகு படிக்கலாம். தைத்துவிட்டால் எப்படிக் கெடுதல் போய்விடும் என்று யாரும் அப்பாவைக் கேட்கவில்லை. அப்பாவும் அந்தக் கதையைக் கழிவறைக்குப் போகும்போது மடித்து எடுத்துப் போவார் என்பது வேறு விஷயம்.

அந்தத் துப்பறிவாளரை உங்களுக்கு நினைவிருக்கும். கத்த மாட்டார், ஓட மாட்டார், துப்பாக்கி தூக்க மாட்டார். கடைசி அத்தியாயத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் கூடத்தில் உட்கார வைப்பார். எல்லோர் கையிலும் காபி வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். காபி ஆறும். குற்றவாளி தலை குனிவான். நல்லவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அத்தை அந்தப் பக்கங்களை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது, சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப சொல்லு பாப்பா, யாரு?" என்பாள். நான் சொல்வது பெரும்பாலும் தப்பாக இருக்கும். ஒருமுறை சரியாகச் சொன்னதற்குத் தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். ஊசியில் நூல் கோப்பதற்கு அவள் வைத்திருந்தது. ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கும்.

அம்மாவைவிட அத்தையைத்தான் எனக்குப் பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் பக்கத்தில்தான் படுப்பேன், அவள் பின்னினால்தான் ஜடை, அவள் தைத்தால்தான் பாவாடை. இருபத்து நான்கு வயது அவளுக்கு. அந்தக் காலத்துக்கு அது கடந்து போன வயது.

சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். அதுகூட எங்கள் வீட்டில் பெரிய விஷயமில்லை. அவருடைய தாத்தா உள்நாட்டுக் கிராமத்தில் எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். அதுதான் விஷயம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வரும்போது அம்மா அவருக்குக் காபி கொடுப்பாள். அந்த டம்ளர் மட்டும் சமையலறைக்குள் வராது. ஜன்னல் மேட்டில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். பெரிய துப்பறியும் புலியான எனக்கு அந்த டம்ளர் ஒருநாளும் கண்ணில் உறுத்தவில்லை.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம் கடைசி அத்தியாயம் வந்தது. பதினெட்டு வாரமாக நான் காத்திருந்த கதை. வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு ஓடி வந்தால் பத்திரிகை திரும்பியிருக்கிறது, அத்தியாயம் இல்லை. பிளேடால் வெட்டிய சுவடு மட்டும் இருக்கிறது.

"வரும்போதே இல்ல பாப்பா" என்றாள் அத்தை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அக்கா யூனிபாரத்தோடு வந்து நின்றாள். "ஏண்டி, எங்கடி அந்தக் கடைசி சாப்டரு? டூட்டி மேல டூட்டி பாத்துகினு இருந்தேன், நமக்கு அப்பறம் பாத்துக்கலாம்னு பிரிக்காமலே சாராண்ட அனுப்பிட்டேன். இப்ப வந்து பாத்தா எவனோ வெட்டிகினு பூட்டான். கொலகாரன் யாருன்னு தெரியாம எனக்கு சோறு எறங்குமா?"

அவ்வளவுதான். எனக்கு வழக்கு கிடைத்துவிட்டது.

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா ஊரிலிருந்து புது அரிசி மூட்டையோடு குடும்பமாக வந்திருந்தார். பெரியவர்கள் தணிந்த குரலில் ஏதோ பேசுவதும் அத்தை அங்கே வந்ததும் குரல் நிற்பதுமாக இருந்தது. அவர்கள் பேசியது அத்தையின் கல்யாணம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அத்தைக்கும் தனியாக ஒரு மூலை கிடைக்கவில்லை. பெரியம்மா அவள் தலையைச் சீவுவதும் பெரியப்பா பிள்ளைகள் அவள் மடியில் ஏறுவதுமாக இரண்டு நாள் போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் தங்கி, தையல் மெஷினின் மூடிக்குள் அந்த அத்தியாயத்தைக் கண்டுபிடித்தேன். இரண்டு தாள். மூச்சு முட்டப் படித்தேன். கொலைகாரன் யார் என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வெயில் தாளின் பின்னாலிருந்து விழுந்தது. பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள். ஊசித் துளைகள்.

இரண்டாம் தொகுதியில் இதே தந்திரம் வரும். எழுத்துக்குக் கீழே ஊசியால் குத்தி, குத்திய எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் செய்தி. என் நாற்பது பக்க நோட்டை எடுத்து எழுதினேன். பிறகு பழைய தொகுதிகளைப் பிரித்து வெயிலில் பிடித்தேன். அங்கேயும் துளைகள், மாசக்கணக்கில். பூச்சி அரித்தது என்று நான் விட்டுவிட்டவை.

"நீலப் புடவை நன்றாக இருந்தது." நீலம் என்றால் கடல் என்று குறித்துக்கொண்டேன். "காய்ச்சல் விட்டதா." காய்ச்சல் என்றால் போலீஸ். சிரிக்காதீர்கள். ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் படகில் கள்ளச் சரக்கு இறங்குகிறது என்று பெரியவர்கள் பேசி நான் கேட்டிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தின் முதல் தாளில் இருந்தது இது: "கடப்பாக்கம் முடிவாகிவிட்டது. சீக்கிரம் சொல்லுங்கள்." கோட்டை இருப்பதே கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான். நோட்டில் அதன் அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அதே தாளில் அதற்குக் கீழே பதில்: "என் அப்பா ஒப்பவில்லை. இனி இதில் எழுத வேண்டாம்."

இரண்டாம் தாளில்: "ஞாயிறு காலை மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வாசலில் இருப்பேன். உடுத்த துணியோடு வா. எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்."

என் முடிவு இப்படி அமைந்தது. இந்த வாரம் நர்ஸ் அக்கா பத்திரிகையைத் தொடவே இல்லை. ஆகவே எங்கள் வீட்டை விட்டுப் போய்த் திரும்புவதற்குள் அதைக் கையில் வைத்திருந்தவர் சார் ஒருவர்தான். அவர் ஒரு கள்ளக் கடத்தல் கும்பலின் ஆள். அப்பா என்பது கும்பல் தலைவன். கும்பல் என் அத்தையை மிரட்டி வேலை வாங்குகிறது. அதனால்தான் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளைக் காப்பாற்ற என்னைவிட்டால் யாருமில்லை.

சார் விஷயத்தில் என் துப்பறிதல் அணுவளவும் பிசகவில்லை என்பதைக் கவனியுங்கள். எதைக் கண்டுபிடித்தேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சாருக்கு ஸ்பெஷல் கிளாஸ். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். நர்ஸ் அக்காவையும் கூட்டி வந்தேன். பெரியப்பா வெற்றிலை மடித்தபடி சிரித்தார். "இன்னாடா, துப்பறியற பாப்பா கேஸு கண்டுபுடிச்சிடுச்சா?" என்று அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோருக்கும் காபி வந்தால்தான் பேசுவேன் என்றேன். அதற்கு இன்னொரு சிரிப்பு. அம்மா அலுத்துக்கொண்டே போட்டுக் கொண்டு வந்தாள். புதுப்பாலில் சிக்கரி தூக்கலாகப் போட்ட காபி. அந்த வாசனைக்குப் பிறகு நான் டீக்கு மாறியவள்.

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையில் அந்தத் தாள்களைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்தாள். "பாப்பா, அது எங்கிட்ட குடு" என்றாள். நான் அவளைப் பார்த்துத் தைரியமாகத் தலையாட்டினேன். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

வாசித்தேன். துளை இருக்கிற எழுத்தைப் பூதக்கண்ணாடியால் காட்டிக் காட்டி வாசித்தேன்.

"கடப்பாக்கம் முடிவாகிவிட்டது."

பெரியப்பாவின் வாயில் வெற்றிலை நின்றுவிட்டது. ஏனென்றால் அவர் அத்தைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை, மனைவியை இழந்த ரைஸ்மில்காரர், கடப்பாக்கத்துக்காரர். நான் விடவில்லை. "சீக்கிரம் சொல்லுங்கள்" வரைக்கும் வாசித்துவிட்டு, இதற்குப் பதில் குத்தியவர் மூன்றாம் வீட்டு சார்தான் என்பதைப் பத்திரிகை கை மாறிய வரிசையோடு நிரூபித்தேன். பிறகு பதிலையும் வாசித்தேன். "என் அப்பா ஒப்பவில்லை. இனி இதில் எழுத வேண்டாம்."

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அத்தை அதுவரை அந்தப் பதிலைப் படிக்கவில்லை. இரண்டு நாளாக வெளிச்சத்தில் பிடிக்க அவளுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கவில்லை. அவருடைய பதிலை அவள் என் வாயிலிருந்துதான் கேட்டாள், அத்தனை பேர் நடுவில், கையில் ஆறிப்போன காபியோடு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க.

நான் இரண்டாம் தாளை எடுத்தேன். அப்பாவின் அறை காதோடு விழுந்தது. தாள்கள் அவர் கைக்குப் போயின. நேரே பின்கட்டுக்கு நடந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். திரும்பி வந்து நான்கு தொகுதிகளையும் எடுத்துப் போய்ப் போட்டார். மைதாப் பசை எரிந்தால் ரொட்டி தீய்கிற வாசனை வரும். அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்த டம்ளர வெளிய வெச்சேனே, அந்த ஆள வாசலோட நிறுத்தினேனா நானு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரியப்பா கத்தவில்லை. "கதவ சாத்துங்க. தை முடியறதுக்குள்ள கடப்பாக்கத்துல முடிச்சிடலாம்" என்றார். அத்தையை உள்ளறையில் வைத்து வெளியில் தாழ்ப்பாள் போட்டார்கள். நர்ஸ் அக்கா மட்டும் போகும்போது என்னைப் பார்த்து, "பாவி, நல்லா கண்டுபுடிச்சடி" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதினொரு வயதுக்குப் புரியாது என்று நீங்கள் எனக்காகச் சொல்லக்கூடும். புரிந்தது. நீலப் புடவை என்றால் நீலப் புடவைதான். காய்ச்சல் என்றால் அந்தக் கார்த்திகையில் அத்தைக்கு வந்த காய்ச்சல்தான். என் நாற்பது பக்க நோட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அதில் இரண்டாம் தாள் முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது. ஞாயிறு காலை, கடற்கரைக் கோயில் வாசல். அது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சார். இன்னொருத்தி நான்.

அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பெரியவர்கள் யாருக்கும் அவள் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை போலும். மத்தியானம் ரசம் சோறு, சாயங்காலம் உப்புமா. இரண்டு தடவையும் தட்டு அப்படியே திரும்பியது. என்னை அவள் திட்டவில்லை.

ஞாயிறு காலை இட்லி கொண்டுபோனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. பெரியப்பா ஏரிப் பக்கம் போயிருந்தார். மாமல்லபுரம் பஸ் எங்கள் தெருமுனையில்தான் திரும்பும். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். தட்டை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாப்பா, ரெண்டாவது தாள்ல இன்னா இருந்துது?"

மற்ற கையால் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எய்த வாணாம்னு சொன்னாரே, அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியா? ஒரு வார்த்த கூடவா இல்ல?"

"அவ்ளோதான் அத்தை" என்றேன்.

அப்பா பின்னால் நின்றார், பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமான பிறகு என் கணவரிடம்கூட அப்படித்தான் சொன்னேன். பொய். அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார், வாளிச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் சொல்லாததற்குக் காரணம் வேறு. 'உடுத்த துணியோடு வா' என்று எழுதியிருந்தது. உடுத்த துணியோடு என்றால் என்னைக் கூட்டிப்போக மாட்டாள். அவள் போய்விட்டால் எனக்கு யார் ஜடை பின்னுவார்கள், யார் கதை படிப்பார்கள். அவ்வளவு சின்னக் காரணம். அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்திருக்க மாட்டேன்.

அவள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை இழுத்து இட்லியைப் பிட்டுத் தின்றாள். முந்தின நாள் காலைக்குப் பிறகு அவள் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அம்மா வெளியில் வந்து, "சாப்ட்டுட்டா, சாப்ட்டுட்டா. இனிமே செரியா பூடும்" என்று எல்லோரிடமும் சொன்னாள். சந்தோஷப்பட்டார்கள்.

மறுநாள் நர்ஸ் அக்கா கிணற்றடியில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நேத்து காத்தால இருட்டோட போன மனுசன் வெளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் வந்தாரு. செருப்பு பூரா மணலு. மூஞ்சி வெயில்ல கருத்துப்போயி கீது. எங்க சார் போனீங்கன்னேன், சிரிச்சாரு." அந்த வாரமே பெரியப்பா இரண்டு ஆட்களோடு போய் அவரைப் பார்த்தார். என்ன பேசினார்களோ தெரியாது, மூன்றாம் வீட்டு வாசலில் மூக்குக்கண்ணாடிச் சில்லு கிடந்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு எல்ஐசி ஏஜென்ட் குடிவந்தார்.

தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. அத்தை ஒரு பேச்சும் மறுத்துப் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். நல்ல பெண், புத்தி வந்துவிட்டது என்றார்கள். கல்யாணப் பந்தலில் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு நாலு பேர் எதிரில் ஒரு தங்க மூடிப் பேனா கொடுத்தார். "இந்தப் பாப்பாதான் நம்ம குடும்ப மானத்தக் காப்பாத்துச்சு" என்றார். அந்தப் பேனாவால் நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஏரியில் போட்டுவிட்டு, ஸ்கூலில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அதற்கு அப்பா அடித்தார். வாழ்க்கையில் நியாயமாக எனக்கு விழுந்த ஒரே அடி அதுதான் என்று தோன்றும். நோட்டும் வெந்நீர் அடுப்புக்குத்தான் போனது, என் கையாலேயே. பூதக்கண்ணாடி எங்கே போனது என்று தெரியவில்லை.

நான் வளர்ந்தேன், படித்தேன், பேங்கில் வேலை பார்த்தேன், ரிட்டயர் ஆனேன். அந்த எழுத்தாளரை விடவில்லை. எழுத எழுத வாங்கிப் படித்தேன். அவர் போன பிறகு மறுபதிப்பு வாங்கிப் படித்தேன். அந்த ஒரு கதையை மட்டும் வாங்கவில்லை. ஏன் இன்னமும் அவரைக் கீழே வைக்க முடியவில்லை என்று அந்தப் பெண் கேட்டாளே, அதற்குப் பதில் இதுதான். அவர் கதையில் யாரும் இரண்டாம் தாளை மறைப்பதில்லை. மறைத்தாலும் கடைசியில் ஒருவர் வந்து எடுத்துவிடுகிறார். அந்த ஒருவர் வருவார் என்று நான் இத்தனை வருஷம் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று யாரும் வரவில்லை.

கூட்டம் முடிந்த மறுவாரம் அந்தக் கதையின் புதுப் பதிப்பை வாங்கினேன். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கடப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனாள். ஈசிஆரில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டியதும் நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன், மாமல்லபுரம் தாண்டும் வரை. மகள் எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறாள். அந்தக் கோயில் வாசலுக்கு நான் இன்றுவரை போனதில்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் வாழ்ந்துகொண்டு, வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்துப் போகிற கோயிலை நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு எழுபத்தாறு. ரைஸ்மில்காரர் போய்ப் பதினைந்து வருஷம். அவருக்கு மூத்த தாரத்துப் பிள்ளைகள், அத்தைக்குப் பிள்ளையில்லை. ஒரு அறை, ஒரு ஃபேன், வேளைக்குச் சோறு. சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு புத்தகத்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. மகள் அலைபேசியோடு வெளியில் போனதும் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். வழி முழுக்க வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"அந்தக் கதை புஸ்தகமா வந்திருக்கு அத்தை" என்றேன். "கடைசி அத்தியாயம் படிக்கட்டுமா?"

"எந்தக் கதடி?"

சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்த மனுசன் எய்த வாணாம்னு சொல்லிட்டாரு இல்ல" என்றாள். யாரோ போன வாரம் சொன்னதைச் சொல்வது போலச் சொன்னாள். "அப்பன் வாணாம்னா உட்டுட்றதா? தைரியம் இல்லாத மனுசன். அந்தக் கோவம்தான் பாப்பா எனக்கு. அந்தக் கோவத்துலதான் கல்யாணத்துக்கு செரின்னேன். அது ஒண்ண வெச்சிகினுதான் இந்த வூட்ல இத்தினி வருசம் இருந்துகினு கீறேன்."

மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் நின்றது. 'அவர் வந்தார் அத்தை. வெயிலில் விளக்கு வைக்கிற வரைக்கும் நின்றார்.' நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கோபத்தையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அவளுக்காகவா எனக்காகவா, இப்போதும் எனக்குத் தெரியாது. பதினொரு வயதிலாவது எனக்காகத்தான் என்று தெரிந்திருந்தது.

"இங்க குடு" என்று கையை நீட்டினாள். புத்தகத்தைக் கடைசி அத்தியாயத்தில் விரித்து அவள் மடியில் வைத்தேன். அவள் ஆள்காட்டி விரலை முதல் வரியின் கீழே வைத்து மெல்ல நகர்த்தினாள். பிறகு அடுத்த வரி. பிறகு அதற்கு அடுத்தது. என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரிய மூன்று வரி ஆனது. நல்ல வழவழப்பான புதுத்தாள். ஒரு பக்கம் முழுக்கத் தடவி முடித்துத் தாளைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

"ஒண்ணுமே இல்லியே பாப்பா" என்றாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்தை" என்றேன்.